பால் இறங்கவில்லை

'ரைட்டு' என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட பேருந்து நடத்துநர். பிறப்பு 1962, மறைவு 2022. பெற்றோர் இட்ட பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வேறெங்கும் அதற்கு வேலை இல்லை.

பட்டப்பெயர் அவருடைய குரலால் வந்தது. "போலாம் ரைட்டு!" என்று பின்படியில் நின்று அவர் சொன்னால் ஓட்டுநருக்கு விசில் தேவைப்படாது. ஆனால் அந்தக் குரல் சுலபத்தில் எழாது. இறங்குகின்ற கடைசிப் பயணியின் இரண்டு பாதங்களும் தரையில் பட்ட பிறகே எழும். இதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஏறுறவன் தொங்கிக்கிட்டாவது வந்துடுவான். இறங்குறவனுக்குத்தான் காலுக்குக் கீழ தரை வேணும்" என்பார்.

அவரோடு நெடுங்காலம் ஒரே வண்டியில் பணியாற்றிய ஓட்டுநர் இதைக் கேலி செய்யாத நாளில்லை. "என்ன ரைட்டு, அந்தம்மா இறங்கி, வீட்டுக்குப் போயி, சமைச்சு முடிச்சப்புறம்தான் விசில் குடுப்பியா?"

"ஆமா. உனக்கும் ஒரு வாய் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். பேசாம உக்காரு."

இறங்குதல் என்னும் சொல்லை நாள்தோறும் ஆயிரம் முறை சொன்ன மனிதர் அவர். அதன் பொருளில் தமக்கு ஐயம் வரும் என்று அவர் எண்ணியிருக்க நியாயமில்லை.

அவருடைய மனைவி ஆயத்த ஆடை தைக்கும் கூடமொன்றில் சட்டைக் காலர் தைத்துவந்தார். திருமணமாகிப் பல ஆண்டுகள் வரை குழந்தை இல்லை. கேட்பவர்களுக்கு விடை சொல்லிச் சலித்து, கேட்பவர்களும் சலித்து ஓய்ந்த பிறகு, 2003ஆம் ஆண்டில் அவர் கருவுற்றார். ஏழாம் மாதத்தில் கால் வீங்கியது, தலைவலி விடவில்லை, ஒரு காலையில் தையல் ஊசியின் காது இரண்டாகத் தெரிகிறது என்றார். வீட்டுக்கு அருகிலிருந்த பிரசவ மருத்துவமனையில் இரத்த அழுத்தத்தைப் பார்த்தவர்கள் உடனே அறுவை செய்து குழந்தையை வெளியே எடுத்தார்கள். பெண். ஒரு கிலோவுக்குச் சற்றே மேல்.

அத்தகைய குழந்தையை வைத்துக் காக்கும் வசதி அங்கே இல்லை. குழந்தை, நகரத்தின் மறுகோடியிலிருந்த பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் சென்றது. எழுந்து நிற்க இயலாத தாய் இங்கேயே கிடந்தார். இடையில் இருந்தது ஒரு பேருந்துத் தடம். அத்தடத்தில் பயணச்சீட்டு கிழித்துப் பழகியவர், இப்போது மடியில் பனிக்கட்டிப் பெட்டியை வைத்துக்கொண்டு பயணியாக அமர்ந்து சென்றார். பெட்டிக்குள் விரல் நீளத்தில் ஒரு பாட்டில். அதன் அடியில் மனைவியின் பால்.

பெரிய மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. செருப்பை வெளியே விட்டு, முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவி, வெளுத்த அங்கி ஒன்றை முன்பக்கம் பின்பக்கம் மாறாமல் அணிந்து உள்ளே செல்ல வேண்டும். முதல் நாள் அவர் மாற்றி அணிந்துகொண்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை மல்லாந்து கிடந்தது. வயிற்றின் தோல் வழியே நீல நரம்புகள் தெரிந்தன. வாயின் ஓரத்தில் ஒட்டப்பட்ட மெல்லிய குழாய் ஒன்று இரைப்பை வரை சென்றது. பாதம் ஒரு பயணச்சீட்டின் அகலம்கூட இல்லை. அவர் பெட்டியின் பக்கத்திலிருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டார், தொடாமலே எடுத்துக்கொண்டார்.

அப்பிரிவை நடத்திவந்தவர் பெரிய சிஸ்டர் என்று அழைக்கப்பட்ட மூத்த செவிலியர். அடுத்த பெட்டியருகே நின்றிருந்த இளைய செவிலியரிடம் அவர் குரல் கொடுத்தார்: "மீதி எவ்வளவு?"

ரைட்டின் கை தானாக இடுப்புப் பக்கம் போனது. அங்கே தோல்பை இல்லை. நடத்துநரிடம் மீதி கேட்காத பயணி உண்டா? பெரிய சிஸ்டர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"உங்ககிட்ட கேக்கலை சார். இங்க மீதின்னா வயித்துல தங்கினது. அடுத்த வேளை பால் குடுக்கறதுக்கு முன்னாடி குழாயில இழுத்துப் பார்ப்போம். போன வேளை குடுத்தது போயிருக்கா, அப்படியே நிக்குதான்னு தெரியும்."

"மீதி இருந்தா?"

"கொஞ்சம் இருந்தா பரவாயில்லை. நிறைய இருந்தா யோசிப்போம். பச்சையா இருந்தா…" அவர் முடிக்கவில்லை. "அதெல்லாம் வேண்டாம். நல்லதையே நினைங்க."

அன்றிலிருந்து மீதி என்னும் சொல்லும் பச்சை என்னும் நிறமும் அவருக்கு அச்சம் தரத் தொடங்கின.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். இல்லையேல் பின்னால் நிகழ்ந்தது புரியாது. கருவில் உள்ள குழந்தைக்கு உணவு தொப்புள்கொடி வழியே வருகிறது. வயிறும் குடலும் அப்போது உருவாகிவிட்டாலும் உழைப்பதில்லை. பனிக்குட நீரைக் குழந்தை விழுங்கிப் பழகுவதே அவற்றுக்குப் பயிற்சி. குடல் தன் நீளத்தில் ஏறத்தாழப் பாதியைக் கடைசி மூன்று மாதங்களிலேயே எட்டுகிறது. உணவை மேலிருந்து கீழாக ஒரே சீராகத் தள்ளிக்கொண்டு போகும் அலையசைவு அதற்கு எட்டாம் மாதவாக்கில்தான் கைவருகிறது. சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் நடப்பதும் ஏறத்தாழ அப்போதுதான். பாலிலுள்ள சர்க்கரையைப் பிரிக்கும் சுரப்பு அதன் பின்னும் வளர்கிறது. குடலின் உட்சுவரோ கிருமியைத் தடுக்கும் வலிமை பெறாமல் மெலிந்திருக்கும். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு இவை எல்லாமே அரைகுறை. ஆகவே உயிர் வாழத் தேவையான சத்தை இரத்தக் குழாயில் ஏற்றிவிட்டு, தாயின் முதற்பாலில் சில சொட்டுகளை மட்டும் குழாய் வழியே இரைப்பைக்குள் விடுவார்கள். அது பசிக்கு அன்று. குடல் தன் தொழிலைப் பழகுவதற்கு.

ஊசிக்குழலின் தண்டை உருவிவிட்டு, குழலை மட்டும் உயர்த்திப் பிடித்து, பால் தன் எடையாலேயே கீழே செல்லும்வரை காத்திருப்பார் பெரிய சிஸ்டர். தள்ளமாட்டார். ரைட்டுக்கு அந்தப் பொறுமை பிடித்திருந்தது. ஆனால் அந்தச் சில சொட்டுகள் எதற்காக என்பதை யாரும் அவருக்கு விளக்கமாகச் சொல்லவில்லை. சொன்னதாக மற்றவர்கள் எண்ணிக்கொண்டார்கள். குழந்தையின் முழு ஆகாரமும் தம் மடியிலிருக்கும் பெட்டியில்தான் போகிறது என்பது அவருடைய எண்ணம்.

அடுத்த சில நாட்களில் ஒரு நண்பகல், வண்டி முனையத்தில் நின்றிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. சுற்றிலும் இயந்திர இரைச்சல். அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். அழைத்தவர் பெரிய சிஸ்டர்.

"சார், பால் இன்னும் சரியா இறங்கலை. பயப்படாதீங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"சரிங்க சிஸ்டர்."

அவ்வளவுதான் பேச்சு. மருத்துவமனைப் பிரிவில் அச்சொல்லுக்கு ஒரே பொருள்: கொடுத்த பால் குழந்தையின் இரைப்பையிலிருந்து குடலுக்குச் செல்லவில்லை. வீடுகளிலும் அச்சொல்லுக்கு ஒரே பொருள்: பெற்றவளுக்கு மார்பில் பால் ஊறி வரவில்லை. இருவரும் தெளிவான தமிழில் பேசினார்கள்; இருவரும் சரியாகவே கேட்டார்கள்.

மாலையில் மனைவியிடம் போனார். அவர் தலையணைக்கு அருகிலிருந்த பாட்டிலை எடுத்துக் காட்டினார். அடிப்பாகம் மட்டும் பாலில் நனைந்திருந்தது.

"நாள் பூரா எடுத்து இவ்வளவுதாங்க வந்துச்சு. போதுமா அவளுக்கு?"

"போதும் போதும். அவ வயிறே ஒரு கோலிகுண்டு அளவுதான்."

"சிஸ்டர் ஏதாவது சொன்னாங்களா?"

"என்ன சொல்லப்போறாங்க. நல்லா இருக்கான்னாங்க."

இந்தப் பொய்யை அவர் யோசித்தே சொன்னார். பெற்றவளுக்குக் கவலை வந்தால் உள்ள பாலும் வற்றிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார்.

மறுநாள் காலை பாட்டிலோடு பேருந்தில் ஏறியவர், பாதி வழியில் இறங்கினார். அங்கே அவருடைய அக்காள் வீடு. மாணவர் விடுதியில் சமையல் வேலை பார்த்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர் அந்த அம்மையார். கதவைத் திறந்ததும் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பதறினார்.

"என்னடா? புள்ளைக்கு ஏதாவது…?"

"என் வீட்டுக்காரிக்குப் பால் இறங்கலையாம் அக்கா. போன் பண்ணி சொல்றாங்க. இதப் பாரு, இவ்வளவுதான். இத வெச்சு அது எப்படி உயிர் புடிக்கும்?"

"அய்யய்யோ. பட்டினியா போட்டிருக்காங்க பச்சப்புள்ளைய? டின் பால் குடுக்க வேண்டியதுதானே?"

"அங்க வெளிப் பால் எதுவும் கொண்டுவராதேன்னு எழுதியே மாட்டியிருக்காங்க."

"எழுதி மாட்டுறவங்க மாட்டுவாங்க. பெத்தவளுக்குப் பால் இல்லைன்னு தெரிஞ்சும் என்ன பண்ணுவாங்களாம்? என் பெரியவன் எதுல வளர்ந்தான்? டின் பால்லதானே! இன்னிக்கு நம்ம வாசல்ல குனிஞ்சு வரான்."

"குனிஞ்சு வரது உன் வாய்க்குப் பயந்து" என்றார் ரைட்டு. அந்த நிலையிலும் அப்படியொரு விடை அவர் வாயிலிருந்து வந்தது. அக்காளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேரக்குழந்தைக்கென வாங்கி வைத்திருந்த பால்மாவு டப்பாவை எடுத்து வந்தார்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தவர் அக்காள். மாவை அளந்து கலக்கியதும், பாட்டிலைத் திறந்து மனைவியின் பாலோடு சேர்த்ததும் ரைட்டின் கை. ஒரு துளியும் சிந்தவில்லை. பாட்டில் முக்கால் அளவு நிறைந்தது. அதைப் பார்த்தபோது அவருக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் மாடியில் பெரிய சிஸ்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அட! இன்னிக்கு இவ்வளவா? பரவாயில்லையே, உங்க வீட்டம்மா தேறிட்டாங்க போலிருக்கே."

"ஆமா சிஸ்டர்."

"நல்ல நேரம்தான். நேத்து நிறுத்தி வெச்சிருந்தோம். காலையில மீதி இல்லை. மறுபடி துளித்துளியா ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க."

ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டிருக்கலாம். பால் இல்லாததால் நிறுத்தினார்கள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். சிஸ்டர் குழலை உயர்த்திப் பிடித்தார். ரைட்டு கண்ணாடியோடு முகம் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோடு மெல்லக் கீழே நகர்ந்தது.

"இறங்குது" என்றார் மெதுவாக. பிறகு உரக்க, "இறங்குது சிஸ்டர்!"

"உஷ். பஸ் இல்லை இது."

பிற்பகல் பணிக்குப் போனார். இரண்டாம் நடையில் கைப்பேசி ஒலித்தது. உடனே வரச் சொன்னார்கள். முனையம் வந்ததும் ஓட்டுநர் வேறொரு நடத்துநரைக் கையோடு இழுத்து வந்து படியில் நிறுத்திவிட்டு, "நீ ஓடு" என்றார்.

அங்கே கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி மூவர் நின்றிருந்தார்கள். குழந்தையின் வயிறு உப்பி, தோல் பளபளத்தது. காலையில் தெரிந்த நரம்புகள் இன்னும் நீலமாகத் தெரிந்தன. வாய்க்குழாயின் நுனியில் இருந்த சிறு பையில், அவர் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த நிறத்தில் பித்தநீர் இருந்தது. பச்சை.

குழந்தை மருத்துவர் கரகரத்த குரலுடைய பெண்மணி. வயிற்றின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, இடம் மாற்றி வைத்து, நெடுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து தலையசைத்தார்.

"சத்தமே இல்லை."

"என்ன சத்தம் டாக்டர்?" என்றார் ரைட்டு.

"குடல் வேலை செஞ்சா கடமுடான்னு ஒரு சத்தம் கேக்கும். இப்ப ஒண்ணும் கேக்கலை." அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்றார். பெரிய சிஸ்டரும் கூட வந்தார். "குடல் சுவர்ல அழற்சி ஆரம்பிச்சிருக்கோன்னு சந்தேகப்படறோம். குறைமாசக் குழந்தைங்களுக்கு வரக்கூடியதுதான். எக்ஸ்ரே எடுத்திருக்கோம், திரும்பத் திரும்ப எடுப்போம். சுவர் செத்து ஓட்டை விழுந்தா ஆபரேஷன் பண்ணணும். இந்த எடைக்கு அது… பார்க்கலாம். பால் சுத்தமா நிறுத்தியாச்சு."

"பசி தாங்காமத்தான் இப்படி ஆயிடுச்சா?"

"பசியா? யார் சொன்னா? சத்து எல்லாம் ரத்தத்துல போயிட்டிருக்கு. பால் குடுக்கறதே குடல் பழகட்டும்னுதான். நேத்து அதுவே இறங்கலைன்னு நிறுத்தினோமே. சிஸ்டர் போன்ல சொல்லலை?"

"சொன்னாங்க. என் வீட்டுக்காரிக்குப் பால் இறங்கலைன்னு…"

"உங்க வீட்டுக்காரிக்கா? குழந்தைக்கு, சார். குழந்தை வயித்துல இருந்து இறங்கலை."

பெரிய சிஸ்டர் கையை வாய்மேல் வைத்துக்கொண்டார்.

மருத்துவர் அந்தக் கையின் பொருளை முழுதும் அறியவில்லை. அறியவேண்டிய பாதி ரைட்டிடம் இருந்தது. அவர் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பாட்டில் குளிர்பெட்டியில் மனைவியின் பெயர் ஒட்டி இருந்தது. எஞ்சிய பால் அதில் இருந்தது. சொன்னால் தம்மை இனி உள்ளே விடமாட்டார்கள், மனைவிக்குத் தெரிந்துவிடும், அக்காளைக் காவலர் அழைப்பார்கள் என்றெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தது. மருத்துவர் திரும்பி நடந்தார்.

"டாக்டர்." குரல் எழவில்லை. தடம் முழுவதும் கேட்கும் குரல் அது. "டாக்டர், ஒரு நிமிஷம். அந்த பாட்டில்ல இருக்கறது முழுக்க அவ பால் இல்லை."

மருத்துவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் கேள்விகள் மட்டுமே கேட்டார். என்ன டப்பா, எப்போது திறந்தது, எவ்வளவு மாவு, எந்தத் தண்ணீர், கலந்து எத்தனை நேரம் வெளியே இருந்தது. ரைட்டு ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். பாட்டிலைப் பரிசோதனைக்கு எடுத்துப்போனார்கள்; பின்னால் வந்த முடிவும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. திட்டியவர் பெரிய சிஸ்டர்தான். திட்டும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? ஒரு வார்த்தை என்னைக் கேக்கக் கூடாதா?"

"புள்ள பட்டினி கிடக்குதுன்னு நினைச்சேன் சிஸ்டர்."

சிஸ்டர் குழந்தையின் பெட்டியருகே திரும்பிப் போனார்.

"டின் பால் விஷம் இல்லை" என்றார் மருத்துவர். "நிறைமாசக் குழந்தைங்க எத்தனையோ பேர் அதுல வளர்றாங்க. ஆனா இந்தக் குடல் ஈரக் காகிதம் மாதிரி. தாய்ப்பால்ல இருக்கற காவல் அதுல கிடையாது. கரண்டி, தண்ணி, கை, எதுலயாவது கிருமி இருந்திருக்கலாம்."

"அப்ப என்னாலதான்…"

"உங்களாலதான் வந்ததுன்னு நான் சொல்லமாட்டேன். நேத்தே அறிகுறி இருந்தது. சுத்தமான தாய்ப்பால் மட்டும் குடிச்ச குழந்தைக்கும் இது வருது. நீங்க கலக்காம இருந்திருந்தா வந்திருக்காதுன்னும் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது."

பழி என்றால் சுமந்திருப்பார். விடுதலை என்றால் மூச்சு விட்டிருப்பார். இந்த விடையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சாகும்வரை தெரியவில்லை.

மாடிப்படியில் அக்காள் நின்றிருந்தார். செய்தி கேட்டு விடுதியிலிருந்து ஈரக் கையோடு வந்தவர். "என்னைத் திட்டுடா. நாலு அறை அறை" என்றார்.

"நீ என்ன பண்ணுவ அக்கா. கலக்கினது என் கை" என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார்.

மனைவியிடம் சொல்வதுதான் மிச்சம். அன்று மாலை கட்டிலருகே உட்கார்ந்து, போன் வந்ததிலிருந்து ஒன்றையும் விடாமல் சொன்னார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ரைட்டு உட்கார்ந்தே இருந்தார்.

வெகுநேரம் கழித்து மனைவி எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். பால் எடுக்கும் கருவியைக் கையில் எடுத்தார்.

"இப்ப அவளுக்குத்தான் பாலே குடுக்கலையே. எதுக்கு எடுக்கற?" என்றார் ரைட்டு.

"குடுக்கற நாள் வரும்ல. அன்னிக்கு இருக்கணும்." கருவியைப் பார்த்தபடியே சொன்னார்: "நாளைக்கு எடுத்துட்டுப் போங்க. வழியில எங்கேயும் இறங்காதீங்க."

அதன் பிறகு அவர் இறங்கவில்லை. யாரும் குடிக்காத பாலை நாள்தோறும் மடியில் வைத்துக்கொண்டு, அக்காள் வீட்டு நிறுத்தம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு, நேரே சென்று கொடுத்தார். பெரிய சிஸ்டர் அதை வாங்கி உறையவைத்தார். உள்ளே விடமாட்டார்கள் என்று அஞ்சியது நடக்கவில்லை. ஆனால் பாட்டிலை வாங்கும்போது சிஸ்டர் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது நியாயம் என்றே நின்றார்.

குழந்தையின் வயிற்றுச் சுற்றளவை அங்கே அளவு நாடாவால் அளந்துவந்தார்கள். அந்த அளவை மனைவி ஒவ்வொரு மாலையும் கேட்பார், தைப்பவர் அல்லவா? சொன்ன அளவுக்குத் தம் நாடாவை வளைத்து மடியில் வைத்து, அந்த வளையத்துக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் மாலை வளையம் பெரிதாயிற்று. அடுத்த மாலை இன்னும் பெரிதாயிற்று. மனைவி நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு, "தையல் விட்டுடும்ங்க" என்றார். "இவ்வளவு இழுத்தா எந்தத் துணியும் தாங்காது."

அதற்கடுத்த மாலை அதே அளவு. குறையவில்லை, கூடவும் இல்லை.

பிறகு ஒரு காலை. மருத்துவர் வழக்கம்போல் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஓரிடத்தில் வைத்தது அங்கேயே நின்றது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். ரைட்டு தம் மூச்சை அடக்கிக்கொண்டார். மருத்துவர் காதிலிருந்து அதைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"கேளுங்க."

முதலில் ஒன்றுமில்லை. தம் இதயம் அடிப்பதுதான் கேட்டது. பிறகு, மிகத் தொலைவில், ஏற்றத்தில் ஒரு வண்டி கியர் மாற்றுவது போல ஒரு சின்ன உறுமல். நின்றது. மறுபடியும்.

"இதானா டாக்டர்?"

"இதான். இன்னும் நாளாகும். ஆனா எக்ஸ்ரேயில ஓட்டை இல்லை. வண்டி கிளம்பியிருக்கு."

பை காலியாகத் தொங்கிற்று. நாடாவின் வளையம் சிறுத்தது. குடல் ஓய்வெடுக்க வேண்டிய நாட்கள் முடிந்தபின், உறையவைத்த பாலை உருக்கித் துளித்துளியாகத் தொடங்கினார்கள். அன்று நண்பகலில் முனையத்தில் கைப்பேசி ஒலித்தபோது அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டார்.

"சார், பெரிய சிஸ்டர் பேசறேன். நல்லாக் கேளுங்க. உங்க குழந்தையோட இரைப்பையில இருந்து, குழந்தையோட குடலுக்கு, உங்க வீட்டம்மாவோட பால், நல்லபடியா இறங்கிடுச்சு. புரிஞ்சதா? திருப்பிச் சொல்லுங்க."

அவர் திருப்பிச் சொன்னார். ஒரு சொல் விடாமல் சொன்னார். படியில் உட்கார்ந்து அழுதார். ஏறக் காத்திருந்த பயணி ஒருவர், "கண்டக்டர், வண்டி போகுமா போகாதா?" என்று கேட்டார். ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "போகும்யா. இறங்கறவங்க இன்னும் இறங்கி முடியலை" என்றார்.

குழந்தை வீட்டுக்கு வந்தது; வளர்ந்தது. அச்சம் அதனோடு வளர்ந்தது. மகள் ஏப்பம் விட்டால் நின்று கேட்பார்; விடாவிட்டாலும் நிற்பார். காலைப் பணிக்குக் கிளம்புமுன் தூங்கும் குழந்தையின் வயிற்றில் காதை வைத்து, அந்த உறுமல் கேட்ட பிறகே சட்டையை மாட்டுவார். பச்சை நிறத்தில் எதையும் வீட்டுக்கு வாங்கியதில்லை. பெரிய மருத்துவமனை நிறுத்தத்தில் மட்டும் அவர் வண்டியை வழக்கத்தைவிடக் கூடுதலாக நிறுத்திவைப்பார். அங்கே ஓட்டுநர் ஒருநாளும் கேலி பேசியதில்லை. யாராவது எதுவோ இறங்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னால், "எங்கிருந்து? எங்க?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வார். அக்காள் வீட்டுக்குப் போய்வந்தார். அங்கே தண்ணீர் மட்டும் குடிப்பார். அதை அக்காள் ஒருநாளும் கேட்டதில்லை.

மகள் பள்ளிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகத் தொடங்கியபோது புதிய கவலை ஒன்று பிறந்தது. மாலையில் டப்பாவை வாங்கித் திறந்து பார்ப்பார். மீதி இருந்தால் அவருக்கு இரவுச் சாப்பாடு செல்லாது. மகளிடம் நடந்ததையெல்லாம் தாய்தான் ஒருநாள் கூறினார். கூறும்போது தந்தை எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பின்னாளில் மகள் அதைக் கேலியாக்கிக்கொண்டாள்.

"அப்பா, இன்னிக்கு நாலு வாய் மீதி. எக்ஸ்ரே எடுத்துடலாமா?"

"சிரிக்காத. ஏன் மீதி?"

"பசிக்கலைப்பா."

"ஏன் பசிக்கலை?"

ஓய்வு பெற்ற பிறகு, அச்சகமொன்றில் வேலைக்குச் சேர்ந்த மகளை எதிர்கொள்ள மாலைதோறும் நிறுத்தத்துக்குப் போய் நிற்பார். இதயம் பலவீனமடைந்திருந்தது, நடக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். மகளின் இரண்டு பாதங்களும் தரையில் பட்டதைப் பார்த்துவிட்டு, நடத்துநருக்குக் கையசைத்து, டப்பாவை வாங்குவார்.

அவருடைய வாழ்வின் கடைசி மாலையில் டப்பா கனத்தது. மூடியில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் முகம் வெளிறியது என்று மகள் சொல்கிறாள்.

"வயிறு வலிக்குதா? உண்மையச் சொல்லு."

"திறந்து பாருங்க முதல்ல. அது மீதி இல்லை. உங்களுக்குன்னு எடுத்து வெச்சது. சாப்பிடுங்க."

அவர் நிறுத்தத்தின் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, நின்றபடியே சாப்பிட்டு முடித்தார். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். அது 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 14, புதன்கிழமை.